தீவும் அதன் கணக்கும்



கடற்பறவைகளின் குடிப்பெருக்கத்தை ஆராயக் கூடியிருக்கும் இம்மகாநாட்டிற்குத் தலைமை வகிக்கும் நான், ஸ்காத்லாந்தின் கிழக்குக் கரையில் ஃபோர்த் கழிமுகத்தின் வாயிலில் கிடக்கும் மே தீவின் சரித்திரத்திற்கு நேராக வந்துவிடுகிறேன்.

நூறு ஹெக்டேர்கூட இல்லாத அந்தப் பாறைத் தீவில் 1907-ஆம் வருஷத்தில்தான் ஹெர்ரிங் கடற்காகம் குடியேறிக் கூடு கட்டத் தொடங்கிற்று. அதன்பின் வருஷத்திற்கு நூற்றுக்குப் 13 வீதம், அதாவது ஆறு வருஷம் நிறைவதற்குள் இருமடங்காகும் வேகத்தில், அறுபத்தைந்து வருஷகாலம் விருத்தியடைந்து, 1972-இல் ஏறக்குறைய 15,000 ஜோடிகளை எட்டியது. முட்டைக்கும் இறகுக்குமாக நடந்த வேட்டை ஓய்ந்ததும், மீன்பிடிப் படகுகளின் கழிவும் நகரக் குப்பைமேடுகளும் தட்டாமல் இரை அளித்ததும் இதற்குக் காரணமெனச் சொல்லப்படுகின்றன; அவை மெய்யே. ஆனால் இரையின் மிகுதியோடு விசாரணையை முடித்துவிட எனக்குச் சம்மதமில்லை.

நாலைந்து வயதில்தான் இனவிருத்திக்கு வரும் இப்பறவை, அவ்வயதை எட்டியபின் வருஷந்தோறும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உயிர் தரிக்கிறது. ஆகவே ஆயுள் நீளமே அதன் முதல் பலம். கூட்டுக்கு மூன்று முட்டை என்பது வழக்கமாயினும், பசியாலோ அச்சத்தாலோ எல்லை தாண்டி அடுத்த கூட்டின் பக்கம் தடுமாறிச் செல்லும் குஞ்சை அயற்பறவை தலையில் கொத்திக் கொன்றுவிடுவதால், நெருக்கமே பெருக்கத்திற்குக் கடிவாளமாகிறது. 1950-களில் அத்தீவைக் கைவிட்டுப் போன ஆலா என்னும் கடற்பறவைகளுக்கு மீண்டும் இடம் தரும் எண்ணத்தோடு, 1972 முதல் மயக்க மருந்து கலந்த இரையிட்டு ஆயிரக்கணக்கான கடற்காகங்களைக் கொன்றபின், புதிதாய்க் கூடு கட்ட வந்தவை முன்னினும் இளவயதில் இனம் பெருக்கின. உடலும் முட்டையுங்கூடப் பருத்தன. நெருக்கடியில் அடங்கிக் கிடந்த சக்தி எத்தகையது என்பதை இது புலப்படுத்துகிறது.

அன்றியும், அங்கே பொரித்துக் காலில் வளையமிடப்பட்ட குஞ்சுகள் பல, வளர்ந்தபின் பிற கரைகளில் குடியேறக் காணப்பட்டன; அவ்வாறே பிற இடத்துக் குஞ்சுகளும் இங்கே குடியேறக்கூடும். பிறப்பு, இறப்பு, வரவு, போக்கு என்னும் நான்கையும் பிரித்தறியாமல் கூடுகளை மாத்திரம் எண்ணுகிறவன், பிற தீவுகளின் சந்ததியையும் இத்தீவின் செல்வமாகவே எழுதிவிடுவான். அப்படிப்பட்ட கணக்கை நம்பி ஓர் இனத்தைக் கொல்லவோ காக்கவோ தீர்மானிப்பது அநியாயம் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

ஆதலால் அண்டைத் தீவுகளில் பணிபுரியும் அன்பர்கள் ஒரே பருவத்தில், ஒரே முறையில் எண்ணுவதற்கும், வளையமிட்ட பறவைகளின் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வதற்கும் இம்மகாநாடு கலைவதற்குள் ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு, முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.