யார் வீட்டுப் பிள்ளை?



நினைவுப் பேருரையில் இலக்கியம் பேசுவது வழக்கம். இன்று நான் ஒரு கையெழுத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பள்ளியில், வங்கியில் 'பாதுகாவலர்' என்று அச்சிட்ட இடத்தில் யார் கையெழுத்துப் போடுவது? காரைக்காலின் சேரிகளில் தாய் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கோ, திருப்பூருக்கோ போயிருப்பாள். பிள்ளையை ஆயாவோ சித்தியோ வளர்ப்பார்கள். சோறு ஊட்டுகிற கைக்குக் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது.

1956ஆம் ஆண்டின் இந்து இளவர், பாதுகாவலர் சட்டம், 6ஆம் பிரிவில், இயற்கைப் பாதுகாவலர் தந்தை, 'அவருக்குப் பின்' தாய் என்கிறது. 5 வயது வரை பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்கலாம் என்றும் சொல்கிறது. வளர்ப்பது தாய், அதிகாரம் தந்தைக்கு! கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், 'பின்' என்றால் தந்தை இறந்த பின் என்று மட்டும் கொள்ளக்கூடாது, தந்தை பொறுப்பேற்காத நிலையையும் அது குறிக்கும் என்றது. இருவரும் சமமான பாதுகாவலர்களாக வேண்டும் என்று 2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது.

அதே பிரிவில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. இந்துவாக இல்லாமல் போனவர் அப்பிரிவின்படி இயற்கைப் பாதுகாவலராக முடியாது. பௌத்தம் தழுவினால் சிக்கலில்லை. சட்டம் பௌத்தரையும் தனக்குள் அடக்கிக்கொள்கிறது. சாதிக் கொடுமை தாளாமல் சிலுவையையோ பிறையையோ நாடிய தலித் தாய்க்கு அந்த வரி கதவைச் சாத்துகிறது.

நம் மண்ணில் வேறொரு வழியும் இருந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, தம் சாதி வழக்காறுகளைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான்கள். அவர்களில் கணிசமானோர் தலித்துகள். 1956 சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்த 1804ஆம் ஆண்டுச் சட்டத்திலும், மணவாழ்வு நீடிக்கும்வரை அதிகாரம் தந்தைக்கே. கைம்பெண் மறுமணம் செய்துகொண்டால், குடும்ப மன்றம் கூடி ஒப்பினால்தான் அவள் பாதுகாவலராக நீடிக்கலாம். பிரான்ஸ் 1970இல் இதைப் பெற்றோர் இருவரின் அதிகாரமாக மாற்றியது. 1962இலேயே சட்டப்படி இந்தியாவுடன் இணைந்துவிட்ட நமக்கு அந்த மாற்றம் வந்து சேரவில்லை. சாதியைத் துறந்தவர்களையும் தந்தையதிகாரம் விடவில்லை.

இது தற்செயலா? பெண்ணைக் கட்டுப்படுத்தித்தான் சாதி நிலைக்கிறது என்பதை அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் காட்டினார். பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று தந்தைவழியில் தீர்மானிப்பது அதே கட்டுப்பாட்டின் மறுபாதி.

சரி, வளர்த்த ஆயாவுக்கு வழி என்ன? 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர், காப்பிலுள்ளோர் சட்டப்படி, உறவினர் எவரும் பிள்ளை வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். பிள்ளையின் நலனே முக்கியம் என்கிறது 17ஆம் பிரிவு. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம். ஆனால் இது எளிதில் வென்றுவிடும் வழக்கல்ல. 2019இல் ஒரு வழக்கில், தாய் இறந்த குழந்தையை அதுவரை வளர்த்த தாயின் சகோதரிகளிடமிருந்து தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆகவே தகராறு வருமுன் மனுப் போடுங்கள்.

பணமில்லையே என்பீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவு: பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மூன்று தகுதியும் நம் ஆயா, பேத்தி கையில் இருக்கின்றன.

மாணவத் தோழர்களே, 6ஆம் பிரிவைத் திருத்தப் போராடுவோம், அதற்கு நாளாகும். அதுவரை உங்கள் தெருவில் எந்தப் பிள்ளை யாரிடம் வளர்கிறது என்று விசாரியுங்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்று, ரேஷன் அட்டை நகல் எடுத்து, அந்த ஆயாவோடு நீதிமன்றப் படியேறுங்கள்.

ஜெய் பீம்.