கூடம் கோணலா?



'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் நாட்டுப் பழமொழி. தன் குறையை மறைத்து இடத்தின்மேல் பழி போடுவாரைக் குத்திக் காட்ட நம் முன்னோர் இதனை வழங்கினர். ஆயினும், சில வேளைகளில் கூடம் உண்மையாகவே கோணலாக இருப்பதும் உண்டு. இதனை நாங்கள் அறிந்துகொண்டது எங்கள் மகனால். அவனுக்கு வாங்கிக் கொடுத்த ஒரு விளையாட்டுப் பெட்டியால்.

விளையாட்டுப் பெட்டி என்று இங்கே குறிப்பது, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கேம் கன்சோலையே ஆகும். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. முன்னது நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரியில். மகன் தேர்வில் நன்கு தேறியமைக்குப் பரிசாக அதனை வாங்கி, டில்லியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக் கூடத்தில், முன்னரே இருந்த 43 அங்குலத் தொலைக்காட்சியோடு பொருத்தினோம்.

முதல் நாளே முறையீடு எழுந்தது. கிரிக்கெட் ஆட்டத்தில் அவன் பொத்தானை அழுத்துகிறான். பந்து விக்கெட்டைத் தகர்த்த பின்னரே மட்டை அசைகிறது. "டி.வி.தான் லேட் பண்ணுது அப்பா" என்றான். நாங்களோ அந்தப் பழமொழியைச் சொல்லி நகைத்தோம். மறுநாளும் சொன்னோம். ஒரு வாரத்தில் அவன் ஆடுவதையே விட்டுவிட்டான். அதன் பின்னரே எங்களுக்குச் சற்று உறைத்தது. கடைக்குச் சென்று கேட்டபொழுது, 65 அங்குலப் புதுத் தொலைக்காட்சி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் விற்பனையாளர். தவணை முறையில் வாங்குவதென்றும் ஏறத்தாழ முடிவு செய்துவிட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிற்கு வந்த அண்டை வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர், ரிமோட்டை எடுத்துப் படத்திற்குரிய அமைப்புகளைத் திறந்து, 'கேம் மோட்' என்பதைத் தெரிவு செய்தார். மட்டை உடனே கையோடு இசைந்தது. ஒரு காசும் செலவாகவில்லை.

இதன் காரணம் யாது? 1959 செப்டம்பர் 15-இல் இதே டில்லி மாநகரில் தொலைக்காட்சி தொடங்கியபொழுது, திரை என்பது கண்ணுக்கு மட்டுமே உரிய பொருளாயிருந்தது. இன்றைய தொலைக்காட்சியும் பெரும்பாலும் பார்ப்பவரை எண்ணியே வேலை செய்கிறது. தனக்கு வரும் ஒவ்வொரு படத்தையும் வாங்கி வைத்து, மாசு நீக்கி, நிறம் கூட்டி, அசைவை மென்மையாக்கிப் பின்னரே திரைக்கு அனுப்புகிறது. இதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகலாம். திரைப்படம் பார்ப்பவருக்கு இதனால் இழப்பில்லை. விளையாடுபவர் நிலை வேறு. அவருடைய கையும் திரைக்குள் இருக்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து மட்டையாளரை எட்ட ஏறத்தாழ அரை நொடியே ஆகும். அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொலைக்காட்சியே விழுங்கிவிட்டால், எவரால்தான் அடிக்க இயலும்? கேம் மோட் என்பது அந்த ஒப்பனை வேலைகளைக் குறைத்து, படத்தை விரைந்து திரைக்கு அனுப்பும் முறை. புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில், கன்சோலை இயக்கியதும் இம்முறை தானே அமைந்துவிடும் வசதி உண்டு. ஆகவே, புதியதை வாங்குமுன் பழையதை ஒருமுறை இவ்வாறு சோதித்துப் பாருங்கள்.

அவ்வாறு சோதித்தும் புதியது வேண்டியே இருப்பின், கடைக்குச் செல்லுமுன் கூடத்தை அளந்துகொள்ள வேண்டும். அமரும் இடத்திற்கும் திரைக்கும் உள்ள தொலைவை அங்குலத்தில் அளந்து, அதனை 1.6-ஆல் வகுத்தால் ஒரு விடை வரும், 1.2-ஆல் வகுத்தால் மற்றொரு விடை வரும். அவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே பொருத்தமான திரையளவு. 6 அடித் தொலைவுக்கு இக்கணக்கு 45 முதல் 60 அங்குலம் வரை தரும். அதாவது, நம்மிற் பலர் குடியிருக்கும் சிறு கூடங்களுக்கு 50 அல்லது 55 அங்குலம் போதும். '4கே' என்னும் திரையில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள், 'முழு எச்.டி.' திரையில் 21 இலட்சத்திற்குச் சற்றுக் குறைவு. ஆயினும், 55 அங்குலத் திரையை 7 அடிக்கும் அப்பால் இருந்து பார்த்தால், குறையில்லாத கண்ணுக்கும் இவ்விரண்டின் கூர்மையில் வேறுபாடு காண்பது அரிது. ஆகவே 4கே போதுமானது; அதற்கும் மேற்பட்ட 8கே-வுக்காகப் பணம் சேர்த்துக் கொடுப்பது வீண். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்திற்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளின் ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது உண்மை. வரி குறைந்ததனால் கூடம் அகன்றுவிடவில்லை.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் சில. நொடிக்கு எத்தனை படங்களைத் திரை காட்டும் என்பது முதலாவது. 60 படம் காட்டுவது பொதுவானது. பெரும்பாலான ஆட்டங்களுக்கு அதுவே போதும். கார்ப் பந்தயம், துப்பாக்கிச் சண்டை போன்ற விரைவான ஆட்டங்களில் நாட்டம் மிகுந்தவர்க்கு 120 படம் காட்டும் திரை பயன்படும். விளம்பரத்தில் வேறு பெயர்களில் பெரிய எண்கள் இருக்கலாம். திரையின் உண்மையான அளவு என்ன என்றே கேளுங்கள். 4கே-யில் 120 படம் வேண்டின், 'எச்.டி.எம்.ஐ. 2.1' வகை இணைப்புத் துளை தேவை. சில தொலைக்காட்சிகளில் நான்கு துளைகள் இருந்தாலும் ஒன்றிரண்டே அவ்வாற்றல் உடையவை. எவை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கன்சோலோடு வரும் கம்பியையே பயன்படுத்துங்கள். 'ஓலெட்' திரைகளில் கருமை உண்மையான கருமையாகத் தோன்றும். ஆயினும், ஆட்டத்தின் எண்ணிக்கைப் பலகை போன்ற அசையாத உருவம் நெடுநேரம் நின்றால், காலப்போக்கில் அதன் தடம் பதிந்துவிடக்கூடும். பகலொளி மிகுந்த கூடத்திற்கு நல்ல எல்.ஈ.டி. திரையே ஏற்றது.

இனி, வைக்கும் இடம். சாளரத்திற்கு நேர் எதிரே திரை வேண்டா. வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். அமர்ந்தவர் கண்மட்டத்தில் திரையின் நடுப்பகுதி இருத்தல் நலம்; மேலே மாட்டினால் கழுத்து வலிக்கும். முதலில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, 39 சென்டிமீட்டர் உயரமும் 26 சென்டிமீட்டர் ஆழமும் உடையது; ஆடும்பொழுது 200 வாட் அளவிற்கு மின்சாரம் உண்டு, அவ்வளவையும் வெப்பமாக வெளிவிடுவது. அதனைக் கதவடைத்த அலமாரியில் வைப்பது அடுப்பைப் பெட்டிக்குள் பூட்டுவது போலாகும். சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். வடநாட்டுப் புழுதியை வாரந்தோறும் துடையுங்கள். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் இசைவு வேண்டும். ஆதலின் மேசைமேல் நிறுத்துவதே மேல். மாற்றலாகிச் செல்லும் உத்தியோகத்தில் இருப்போர், தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டியையும் உள்ளிருந்த தெர்மாகோலையும் எறிந்துவிடாதீர்கள். லாரிப் பயணத்தில் திரையைக் காப்பவை அவையே.

கூடத்தில் ஓயாத பூசல் எழும் எனில், படிப்பறையில் 27 அங்குலக் கணினித் திரையை வைத்து ஆடலாமே என்பர் சிலர். அது மலிவு; தாமதமும் குறைவு. அதனை நாங்களும் எண்ணிப் பார்த்தோம். எண்ணிய பின் வேண்டா என்று விட்டோம். காரணம் இதுதான். ஆண்டுதோறும் இரு மாதங்கள் திருச்சிப் பக்கத்திலிருந்து எங்கள் தாயார் வந்து தங்குவார்கள். மாலை 7 மணி முதல் 8 வரை தொலைக்காட்சி அவர்களுடையது; அதன்பின் ஒரு மணி நேரம் பேரனுடையது. அவன் ஆடும்பொழுதும் அவர்கள் எழுந்து செல்வதில்லை. "தம்பி, இப்ப அடிக்கிறது நீயா, அவனா?" என்று கேட்பார்கள். பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் இந்தியும் பேசி வரும் பிள்ளை, "நான்தான் அப்பாயி, நீல சட்டை" என்று தமிழில் விளக்கத் தொடங்குவான். படிப்பறைக் கதவு மூடியிருந்தால் அந்தக் கேள்வியும் இல்லை, அந்த விடையும் இல்லை.

நேயர்களே! திரை வாங்குவது எளிது, பணமிருந்தால் போதும். அதற்குமுன் கூடத்தை அளக்க வேண்டும். தொலைக்காட்சியின் அமைப்பைச் சோதிக்க வேண்டும். யாவற்றிற்கும் முன்னர், ஆடும் பிள்ளை சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். மட்டை கையோடு இசைந்த அந்த ஞாயிறு மாலையில், "கூடம் கோணல்தான் தம்பி, நீ சொன்னது சரி" என்று எங்கள் மகனிடம் சொன்னோம். அவன் மறுமொழி சொல்லவில்லை. இரண்டாவது ஆட்டக்கருவியை எடுத்து எங்கள் கையில் கொடுத்தான். முதல் பந்திலேயே நாங்கள் ஆட்டமிழந்தோம். பழி போடுவதற்கு இம்முறை கூடமும் இல்லை.