கொல்லைக் குளத்தில் எத்தனை மீன்?

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்க்கான பிரசங்கம்)



குளத்தில் மீன் செத்து மிதந்தால் கிராமத்தில் முதலில் எழும் பேச்சு, யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்பதே. வேலித் தகராறும் வாய்க்கால் தகராறும் அன்று காலையிலேயே மீண்டும் உயிர்பெறும். பங்காளிகள் பேச்சை நிறுத்துவர். சிலர் போலீஸ் நிலையம் வரையிலும் செல்வர். ஆனால் விடியற்காலையில் ஒரு குளம் முழுதும் செத்தொழிவதற்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது, குஞ்சு விட்ட நாளில் எண்ணிக்கையில் செய்த பிழையே. இப்பிழையினால் மீனும் போகிறது, சங்கத்தில் வாங்கிய கடனும் நிற்கிறது, அண்டை வீட்டாரின் நட்பும் கெடுகிறது. ஆதலின் இவ்விஷயத்தை நன்கு அறிந்துகொள்வது மீன் வளர்க்கும் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் அவசியமாகும்.

கூட்டுறவுக்கும் மீனுக்கும் சென்னை ராஜதானியில் பழைய உறவு உண்டு. குடியானவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும் வழியை ஆராய்ந்து 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அறிக்கை அளித்தவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். அவ்வறிக்கைக்குப் பின் 1904-ல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கடன் சங்கம் தோன்றியது. அதே நிக்கல்சன் 1905 முதல் மீன் தொழில் விசாரணையை மேற்கொண்டு, இம்மாகாணத்தின் மீன்வளத் துறைக்கும் அடிகோலினார். கடனையும் மீனையும் ஒருவரே ஆராய்ந்தது தற்செயலன்று. இரண்டிலும் தாங்கும் சக்திக்கு மேல் ஏற்றினால் நாசம் வரும்.

முற்காலத்தில் கெண்டைக் குஞ்சு கிடைப்பதே அரிதாயிருந்தது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் தேங்கிய குளத்தில் முட்டையிடுவதில்லை. வெள்ளப் பெருக்குள்ள ஆறுகளில்தான் இனம் பெருக்கும். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி ஒரிஸ்ஸாவில் ஹீராலால் சௌதரி, கே. எச். அலிக்குஞ்ஞி ஆகிய விஞ்ஞானிகள் பிட்யூட்டரி சுரப்பியின் சாரத்தை ஊசி மூலம் செலுத்தி இவ்வின மீன்களைப் பண்ணையிலேயே முட்டையிடச் செய்தனர். அதன் பயனாக இன்று குஞ்சு எளிதிற் கிடைக்கிறது. 2018-19 மத்திய வரவு செலவுத் திட்டத்தின் வாயிலாகக் கிசான் கடன் அட்டை வசதி மீன் வளர்ப்போருக்கும் விஸ்தரிக்கப்பட்டது. குஞ்சும் கிடைக்கிறது, பணமும் கிடைக்கிறது. ஆகவே ஆசைக்கு அளவு வைக்க வேண்டிய பொறுப்பு இப்போது வளர்ப்போரையே சார்ந்ததாயிற்று.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்தில் இவ்வாசை எழுவது இயல்பே. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி ஒரிஸ்ஸா, வங்காளம், அஸ்ஸாம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் பலர் குடியிருக்கின்றனர். ரோகுவும் கட்லாவும் அவர்கள் ஊரில் நாளும் உண்ணும் மீன்கள். உயிருடன் கரையிலேயே விற்கக்கூடிய மீனுக்கு இங்கே ஆள் தேட வேண்டுவதில்லை. ஆயினும் வாங்குவோர் தொகையைப் பார்த்துக் குஞ்சின் தொகையை நிர்ணயிக்கலாகாது. ஜலத்தின் சக்தியைப் பார்த்தே நிர்ணயிக்க வேண்டும்.

ஜலத்தின் சக்தி என்பது யாது? அதில் கரைந்துள்ள பிராணவாயுவே. மனிதர் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்குச் சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. 30 டிகிரி உஷ்ணமுள்ள ஜலமோ ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 7½ மில்லிகிராமே கொள்ளும். 5 சென்ட் பரப்பும் 5 அடி ஆழமும் உள்ள குளத்தில் சுமார் 3 லட்சம் லிட்டர் ஜலம் நிற்கும். அவ்வளவு ஜலத்திலும் அடங்கும் பிராணவாயு 2¼ கிலோவே. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாதிருந்தால் மீன் நன்கு தின்று வளரும். 3-க்குக் கீழ் இறங்கினால் வாடும். மேலும் இறங்கி 1-ஐ நெருங்கி அப்படியே நின்றால் பிழைப்பது அரிது.

இந்த இருப்பு இரவும் பகலும் ஒரே அளவாயிராது. பகலில் ஜலத்திலுள்ள நுண்ணிய பாசி சூரிய வெளிச்சத்தைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்குகிறது. பொழுது சாய்ந்தபின் அந்தப் பாசியே பிராணவாயுவைச் செலவிடத் தொடங்குகிறது. மீனும் செலவிடுகிறது, அடிச்சேற்றில் அழுகும் தீனியும் சாணமும் செலவிடுகின்றன. ஆகவே விடியற்காலை நேரமே குளத்தின் கஜானா வெறுமையாகும் நேரம். மீன் அதிகமானால் தீனி அதிகமாகிறது. தீனியால் கழிவும், கழிவால் பாசியும் பெருகுகின்றன. குளம் கரும்பச்சையாகத் தோன்றுகிறது. பின்னர் ஒரு நாள் வானம் மூடிக்கொண்டு வெயில் இல்லாமற் போனால், பகலில் வரவு குறைந்து இரவில் செலவு மட்டும் நிற்கும். அவ்விரவு கழியும்போதுதான் மீன் மடிகிறது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். பல இன மீன்களைச் சேர்த்து வளர்க்கும் முறையில் ஒரு ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 வரை குஞ்சு விடலாம் என்பது இந்நாட்டு அனுபவம். சென்ட் கணக்கில் இது 20 முதல் 40 ஆகும். காற்றுச் சக்கரமும் ஓயாத மின்சாரமும் இல்லாத கொல்லைக் குளத்துக்குச் சென்டுக்கு 20 முதல் 25 வரையே தகும். 5 சென்ட் குளத்துக்கு 120 குஞ்சு போதுமானது. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் இரை தேடுவதால், இவற்றை 4:3:3 விகிதத்தில், அதாவது 48 கட்லா, 36 ரோகு, 36 மிர்கால் என்று விட்டால் ஒன்றின் ஆகாரத்தை மற்றொன்று பறிக்காது. அவற்றில் 100 பிழைத்து முக்கால் கிலோ வீதம் வளர்ந்தால் 75 கிலோ மீன் ஆயிற்று. அதே குளத்தில் ஆயிரம் குஞ்சு விட்டவருக்கு, அவை ஒருக்கால் பிழைத்தாலும், விலைபோகாத பொடி மீனே மிஞ்சும்.

இவ்விடத்தில் நம் ஜில்லாவின் பருவத்தை மறக்கலாகாது. வடகிழக்குப் பருவமழையால் கார்த்திகையில் குளம் தளும்பும். அப்போது விட்ட குஞ்சு சிறியது, ஜலமோ மிகுதி. சித்திரை, வைகாசியில் நிலைமை தலைகீழாகிறது. மீன் பருத்திருக்கும், 5 அடி ஜலம் 3 அடியாக வற்றியிருக்கும், பிராணவாயு இருப்பு 1½ கிலோவுக்கும் கீழே போயிருக்கும். ஆதலால் கார்த்திகை ஜலத்தைப் பார்த்துக் குஞ்சை எண்ணலாகாது. சித்திரையில் எவ்வளவு ஜலம் நிற்கும் என்று பார்த்தே எண்ண வேண்டும். பங்குனியிலேயே பெரிய மீன்களில் ஒரு பகுதியைப் பிடித்து விற்றுவிட்டால், எஞ்சியவற்றுக்கு இடமும் மூச்சும் கிடைக்கும்.

குஞ்சு விடுமுன் குளத்தைச் சித்தப்படுத்த வேண்டும். வற்றிய குளத்தில் சென்டுக்குச் சுமார் 1 கிலோ சுண்ணாம்பு தூவலாம். வற்றாத குளத்தில் விரால், கெளுத்தி முதலிய இரைகொல்லி மீன்கள் இருந்தால், 3 அடி ஆழ ஜலத்தில் சென்டுக்குச் சுமார் 10 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்து அவற்றை ஒழிக்கலாம். அதன் நஞ்சு தணிய மூன்று வாரம் பொறுக்க வேண்டும். மாட்டுச் சாணம் ஆண்டு முழுவதற்கும் சென்டுக்கு 40 கிலோ போதும். அதையும் சிறிது சிறிதாகவே இட வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை ஒருபோதும் வாங்கலாகாது. அதை வளர்ப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. 2015 டிசம்பரில் பெய்தது போன்ற பெருமழையில் குளம் உடைந்து அம்மீன் வெளியேறினால், செம்பரம்பாக்கம் ஏரி வரையில் நாட்டு மீன்களுக்குக் கேடு விளையும்.

ஜலம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று ஜலத்தில் பிராணவாயு மிகக் குறைவு; அதை உயரத்திலிருந்து கல்லின்மேல் சிதறி விழச் செய்தே குளத்தில் விட வேண்டும். குளோரின் கலந்த குடிநீரை அப்படியே விட்டால் மீனின் செவுள் கெடும். வாடகைக் குடியிருப்புகளின் சோப்பு ஜலமும், சாலையில் எண்ணெய் கலந்து ஓடும் முதல் மழை ஜலமும் உள்ளே வராதபடி கரையை உயர்த்தி வைப்பது அவசியம்.

ஜலத்தின் குணத்தை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. வெயில் ஏறியபின் கையை நீட்டி முழங்கை வரையில் ஜலத்தில் அமிழ்த்துக. முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் பாசி அளவாயிருக்கிறது. முழங்கை நனையுமுன்னரே உள்ளங்கை மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. சாணத்தையும் தீனியையும் நிறுத்த வேண்டும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சமமாகக் கலந்து, மீனின் மொத்த எடையில் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு தந்தாற் போதும். 120 மீன் ஒவ்வொன்றும் 100 கிராம் இருக்கும் காலத்தில் நாளொன்றுக்கு 360 கிராமுக்கு மேல் வேண்டுவதில்லை. மேகமூட்டமான நாளில் தீனியே இடலாகாது.

விடியுமுன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் அது மூச்சுத் திணறல். கைதட்டினால் உள்ளே ஓடின் நேரமிருக்கிறது. ஓடாவிட்டால் ஆபத்து அருகிலிருக்கிறது. உடனே குளத்து ஜலத்தையே பம்பினால் இறைத்து மழைபோல் திரும்ப விழச் செய்ய வேண்டும். புது ஜலம் விட வேண்டும். வெயில் வந்தபின் மீனில் ஒரு பகுதியை எடுத்துவிட வேண்டும். பதற்றத்தில் சுண்ணாம்பைக் கொட்டுவது தவறு. கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா காரம் மிகுந்த ஜலத்தில் கொடிய விஷமாகும். சுண்ணாம்போ காரத்தை ஏற்றும்.

மீன் மடிந்துவிட்டால், அயலாரைப் பழிக்குமுன் மடிந்த மீனைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறலில் பெரும்பாலும் பெரிய மீன்கள் முதலில் சாகும், வாய் திறந்து செவுள் விரிந்திருக்கும், நேரம் விடியற்காலையாயிருக்கும். விஷமாயின் பெரும்பாலும் சிறிய மீனும் தவளையும் நீர்ப்பூச்சியும் சேர்ந்தே சாகும். பொழுது பார்த்து வராது. இந்த வேற்றுமையை அறிந்த கிராமத்தில் பல வழக்குகள் தோன்றுமுன்னரே மறையும்.

முடிவாக, சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று. கடன் மனுவில் குளத்தின் பரப்பையும், சென்ற கோடையில் அதில் நின்ற ஜலத்தின் ஆழத்தையும் குறித்து, அதற்கேற்ற குஞ்சுக்கு மட்டுமே கடன் தருதல் ஒன்று. அங்கத்தினர் அனைவருக்கும் வேண்டிய குஞ்சை ஒரே நாளில் நம்பகமான பண்ணையிலிருந்து தருவித்து, வந்த பைகளைக் கால் மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு உஷ்ணம் சமமானபின் திறக்கச் செய்தல் இரண்டு. ஓர் இழுவலையும், பிராணவாயுவை அளக்கும் ஒரு சோதனைப் பெட்டியும், அவசரத்துக்கு ஒரு பம்பும் சங்கத்தின் பொதுச் சொத்தாக வைத்திருத்தல் மூன்று. பம்பு யாவருக்கும் ஒரே இரவில் தேவைப்படுவதில்லை. தேவைப்படும் இரவில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு தப்பும்.