கொரோனாவும் வரிக் கணக்கின் கெடு தேதியும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



வருமான வரி பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும் பின்வரிசையில் ரெண்டு அக்கா சிரிச்சாங்க. "நமக்கு ஏது வருமானம், நமக்கு ஏது வரி"ன்னுதானே? நம்மில் பலருக்கு வரி வராது. ஆனா வீட்டில் யாருக்காவது சம்பளத்தில் பிடிச்ச பணம் திரும்பி வரணும்னா, கணக்கு தாக்கல் செய்தால்தான் வரும். தானாக வராது.

2020-ல் ஊரே அடங்கினபோது அரசு கெடுவைத் தள்ளிக்கொண்டே போனது. ஜூலை 31, நவம்பர் 30 ஆச்சு, அப்புறம் டிசம்பர் 31, கடைசியில் 2021 ஜனவரி 10. நல்ல காரியம்தான். ஆனா தேதி தள்ளத் தள்ள நம்ம ஆட்கள் "இன்னும் நாள் இருக்கு"ன்னு விட்டுட்டாங்க என்பதையும் சொல்லணும்.

அடுத்த வருஷம்தான் கொடுமை. நம்ம குழுவில் ஒரு சகோதரி. கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. 2021 மே மாதம், ரெண்டாவது அலையில் போயிட்டார். ரெண்டு பிள்ளைங்க படிக்குது. கம்பெனியில் முந்தின வருஷச் சம்பளத்துக்கு 21,320 ரூபாய் வரி பிடிச்சிருந்தாங்க. வரிக்குரிய வருமானம் 5,40,000. எல்.ஐ.சி. ரசீது, பிள்ளைகளோட பள்ளிக் கட்டண ரசீது எதையும் அவர் கம்பெனியில் கொடுக்கலை. ரெண்டும் சேர்ந்து 45,000. அதைக் கழிச்சா வருமானம் 5 லட்சத்துக்குள்ளே வந்துடும், வரியே கிடையாது. அதாவது பிடிச்ச பணம் முழுசும் அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டியது.

இறந்தவருக்கு யார் தாக்கல் செய்வது? வாரிசு செய்யலாம். அதுக்குத் தன்னுடைய பான் எண்ணில் நுழைந்து, வாரிசாகப் பதிவு செய்யணும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ரெண்டு பேர் பான் அட்டையும் வேணும். அவங்ககிட்ட பான் அட்டையே இல்லை. ஆதார் இருந்தா இணையத்தில் இலவசமா இ-பான் உடனே கிடைக்கும். ஆனா ஆதாரில் இருந்தது என்னைக்கோ தொலைஞ்சுபோன செல் நம்பர், ஓ.டி.பி. எங்கே வரும்? ஊரடங்கு தளர்ந்து ஆதார் மையம் திறந்த பிறகுதான் நம்பரை மாத்த முடிஞ்சது. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனு போட்டு, வட்டாட்சியர் கையெழுத்தாகி வர அக்டோபர் ஆயிடுச்சு.

இதுக்கு நடுவில் 2021 ஜூன் 7-ந் தேதி வரித்துறை புது இணையதளம் தொடங்கியது. ஆரம்பத்தில் அது படுத்தின பாடு நாடு முழுக்கத் தெரிஞ்ச கதை. கெடு ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 30, பிறகு டிசம்பர் 31-ன்னு மாறினது அவங்களுக்கு உதவியாப் போச்சு. பழைய தேதியே இருந்திருந்தா 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டியிருக்கணும்.

டிசம்பர் முதல் வாரம் அவங்களும் நானும் உட்கார்ந்து தாக்கல் பண்ணினோம். ஊரே ராத்திரியில் அந்தத் தளத்தில் ஏறுதுன்னு காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். அவங்க ஆதார் ஓ.டி.பி.யிலேயே சரிபார்ப்பும் முடிஞ்சது. இந்தச் சரிபார்ப்பைப் பலர் விட்டுடறாங்க. செய்யலைன்னா தாக்கல் செய்யாத மாதிரிதான். அப்போ 120 நாள் தந்தாங்க, இப்போ 30 நாள்தான். பிப்ரவரியில் பணம் அவங்க கணக்குக்கே வந்தது. பள்ளிக் கட்டணத்துக்காகக் குழுவில் வாங்கின கடனில் பாதியை அன்னைக்கே அடைச்சாங்க.

இன்னொரு விஷயம். ஏப்ரல் 1 முதல் அவர் இறந்த நாள் வரைக்குமான சம்பளம் அடுத்த வருஷக் கணக்கில் வரும். அதிலும் வரி பிடிச்சிருந்தாங்க. அதுக்கு 2022 ஜூலையில் தனியா ஒரு தாக்கல் செய்தோம். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்றதில்லை. அதே மாதிரி, கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு அவர் வேலை பார்த்த கம்பெனி கொடுத்த உதவித்தொகைக்கு வரி கிடையாதுன்னு 2021 ஜூன் 25-ல் மத்திய அரசு அறிவித்தது. அந்தப் பணத்துக்கும் வரி உண்டோன்னு பயந்து பல மாசம் தொடாமல் வெச்சிருந்தவங்களை நான் பார்த்திருக்கேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் பின்னாடி மேசையில் இருப்பேன். பான், ஆதார் கொண்டு வந்தவங்க வாங்க. ரெண்டும் இணைஞ்சிருக்கா, ஆதாரில் எந்த செல் நம்பர் இருக்குன்னு பார்த்துடலாம். வீட்டுக்காரர் அட்டை இருந்தாலும் எடுத்துட்டு வாங்க.