லேசர் வெட்டுக் கருவியும் வீட்டுக் காற்றும்

தொழிற்சாலைகளில் மட்டுமே காணப்பட்ட யந்திரங்கள் பல இன்று இல்லங்களிலும் இடம்பெற்றுவிட்டன. லேசர் வெட்டுக் கருவி அவற்றுள் ஒன்று. 1960 ஆம் ஆண்டில் தியடோர் மைமன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். 1964 இல் இந்தியாவிற் பிறந்த குமார் பட்டேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் காபனீரொட்சைட்டு லேசரை ஆக்கினார். மரப்பலகை, தோல், அக்கிரிலிக்குத் தகடு ஆகியவற்றை வெட்டும் வீட்டுக் கருவிகளுட் பல இவ்வகையினவே.

வாள் அறுக்கும்போது தூள் நிலத்தில் விழுகின்றது. லேசர் வெட்டும்போது அப்பொருள் புகையாகின்றது. ஒட்டுப்பலகையின் பசையிலிருந்து போமலிடிகைட்டும், அக்கிரிலிக்கிலிருந்து நெடியுள்ள ஆவியும் வெளிப்படுகின்றன. அடுத்த அறையில் குழந்தை உறங்கும் வீட்டில் இது சிறிய விடயமன்று. ஆகவே கருவியை வாங்குவோர் இரு காற்றோட்டங்களைப்பற்றிச் சிந்தித்தல் வேண்டும். ஒன்று புகையை வெளியேற்றுவது; மற்றது வெட்டுமிடத்தில் ஊதுவது.

புகையை வெளியேற்றக் குளியலறைச் சுவரிற் பொருத்தும் சாதாரண விசிறி போதாது. நீண்ட குழாயின் தடையை எதிர்க்கும் வலு அதற்கு இல்லை. நத்தையோட்டு வடிவான கூட்டினுள் சக்கரம் சுழலும் ஊதியே இப்பணிக்கு ஏற்றது. பெட்டியிற் குறிக்கப்படும் காற்றளவு பெரும்பாலும் குழாய் பூட்டாத நிலையில் அளந்ததாகும். குழாயும் வளைவுகளும் சேர்ந்ததும் அது குறைந்துவிடும். எனவே தேவைக்குச் சற்று மேலான வலுவுள்ளதையே தெரிதல் நன்று. குழாய் குறுகியதாயும், உட்புறம் வழவழப்பானதாயும், வளைவு குறைந்ததாயும் இருத்தல் வேண்டும். 6 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு 4 அங்குலக் குழாயினதைப்போல் இரண்டேகால் மடங்காகும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஊதியை எங்கே வைப்பது? யந்திரத்தின் அருகே வைத்தால், அதற்கப்பாலுள்ள குழாயின் சிறு வெடிப்பினூடாகவும் புகை அறைக்குள் தள்ளப்படும். குழாயின் வெளிமுனையில் வைத்தாலோ, வெடிப்பினூடாக அறைக்காற்று உள்ளே இழுக்கப்படுமேயன்றிப் புகை கசியாது. வெளிமுனை அயலவர் சாளரத்தை நோக்காதிருத்தலும் கடமையாகும்.

வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரவேண்டும். 4 அங்குலக் குழாயில் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்திற் காற்றுச் சென்றால், மணிக்கு ஏறக்குறைய 280 கனமீற்றர் வெளியேறும். 3 மீற்றர் நீள அகல உயரமுள்ள அறையின் காற்று முழுவதும் மணிக்குப் பத்து முறை மாறுவதற்கு இது சமம். கதவையும் சாளரத்தையும் இறுக அடைத்துவிட்டால் எந்த ஊதியும் பயன்தராது.

வெளிச்சுவர் இல்லாத மாடிவீட்டார் வடிகட்டியை நாடுவர். நுண்துகளை ஹெப்பா வடிகட்டி பிடிக்கும். வாயுவைக் கிளர்வுற்ற கரி உறிஞ்சும். இரண்டும் வேண்டும். கரி நிறைவுற்றபின் உறிஞ்சாது. நெடி மீண்டும் தோன்றுமுன் மாற்றுவதே அறிவுடைமை. இச்செலவு ஆண்டுதோறும் தொடருமாதலால் அதனை முதலிலேயே கணக்கிடுதல் வேண்டும்.

இனி, வெட்டுமிடத்தில் ஊதும் காற்று. இது சுவாலையை அணைத்து, வெட்டுவாயிற் புகையை அகற்றி, வில்லையைக் காக்கின்றது. அழுக்குப் படிந்த வில்லை வெப்பத்தை உறிஞ்சி வெடிக்கவுங்கூடும். மெல்லிய தாளுக்கும் உருப்பொறித்தலுக்கும் மீன்தொட்டிப் பம்பியை ஒத்த சிறு காற்றுப்பம்பி போதும். தடித்த பலகைக்கு அமுக்கக்காற்று யந்திரம் சிறந்தது. ஆயின் ஈரப்பதன் மிகுந்த நாடுகளில் அமுக்கிய காற்றிலிருந்து நீர் திரளும், எண்ணெயும் கலக்கலாம். இரண்டையும் தடுக்கும் பொறி இன்றி அதனை இணைத்தல் தகாது. அக்கிரிலிக்கின் ஓரம் கண்ணாடிபோல் மின்னவேண்டுமாயின் காற்றை மென்மையாக்குதல் வேண்டும். ஆதலால் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுவாயுள்ள இணைப்பே ஏற்றது.

எவ்வளவு சிறந்த ஊதியும் ஒரு தவறுக்கு ஈடாகாது. பி.வி.சி. தகட்டையோ, அது கலந்த செயற்கைத் தோலையோ வெட்டினால் ஐதரசன் குளோரைட்டு வாயு எழும். அது ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி, நுரையீரலையும் யந்திரத்தையும் ஒருங்கே அரிக்கும். இன்னதென அறியாத பொருளை வெட்டாதிருத்தலே முதற்பாதுகாப்பு.

அனைத்தும் பூட்டியபின், யந்திரத்தின் மூடியிடுக்கருகே ஊதுபத்தியின் புகையைப் பிடித்துப் பார்த்தல் எளிய சோதனையாகும். புகை உள்ளே இழுபட்டால் அமைப்புச் சரி. வெளியே திரும்பினால் வேலையைத் தொடங்கலாகாது. வெட்டி முடிந்த பின்னும் சில நிமிடம் ஊதி இயங்கட்டும். கருவி இயங்கும்போது அருகில் ஒருவர் இருத்தலும், கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருத்தலும் இன்றியமையாதன. லேசரின் வலுவைக் கேட்டு விலைபேசுவோர், அதன் புகை செல்லும் வழியையும் அன்றே தீர்மானித்துக்கொள்வாராக.