ஒன்பது மணி மாத்திரை



ஆடி மாதம் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குத் திரளுகிற இந்த அந்தியூர், எச்.ஐ.வி. பற்றிப் பேசச் சொல்லி ஓர் ஆளைக் கூப்பிட்டு, அதைக் கேட்கவும் உட்கார்ந்திருக்கிறது. அதற்கே முதலில் ஒரு கும்பிடு.

பல வருஷத்துக்கு முன்னால் என் வகுப்பில் ஒரு பையன் படித்தான். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்பது வேண்டாம். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை, அம்மாவைப் பெற்ற அம்மாயிதான் வளர்த்தார். மாதம் ஒரு நாள் பள்ளிக்கு வரமாட்டான். கேட்டால் "வயித்து வலிங்க சார்" என்பான். மூன்றாவது மாதம் அவனை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "உனக்கு மட்டும் மாசம் தவறாம வயித்து வலி வருமாடா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் அம்மாயி வந்தார். உள்ளே வரவில்லை, வேப்பமரத்தடியிலேயே நின்றார். "சாமி, அவன ஒண்ணும் கேக்காதீங்க. மாத்தரை வாங்கப் போறானுங்க." என்ன மாத்திரை என்று அவர் சொல்லவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் நின்ற நிலையில் எனக்கே புரிந்தது.

அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்ததை இன்றைக்கு உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தவர் செல்லப்பன் நிர்மலா. பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்ன ஆய்வுக்காக, காப்பகத்தில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். பாதுகாத்து வைக்க வசதி இல்லாமல் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தார். எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.க்குப் போயின. ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. இந்த நாட்டுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டது என்று தெரிந்தது இப்படித்தான். கண்டுபிடித்தவர்கள் இரண்டு தமிழ்நாட்டுப் பெண்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு இது அன்னியமான நோயாக இருந்ததே இல்லை. சங்ககிரி லாரி, நாமக்கல் லாரி, திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி எல்லாம் இந்தியா முழுக்க ஓடின. ஓட்டிப் போனவர்களில் சிலர் தொற்றோடு திரும்பினார்கள். சுவரெல்லாம் புலிராஜா எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் பல வீடுகளில் விஷயம் முதலில் தெரியவந்தது, மாசமாக இருந்த பெண்ணின் ரத்தப் பரிசோதனையில்தான். முதலில் அவளுக்குத் தெரிந்ததால் அவளே கொண்டுவந்தாள் என்று பழியும் அவள்மேல் விழுந்தது. புருஷன் செத்ததும் அவளை வீட்டை விட்டுத் துரத்தினோம். நாம் என்றேதான் சொல்கிறேன். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, லாரி ஓட்டுநருக்கு வாழ்க்கைப்பட்டுத் தொற்றைப் பெற்றவர். அதை ஊரறியச் சொல்லி, 1998-இல் தொற்றுள்ள பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்தத் துணிச்சல் இந்த மண்ணில் விளைந்தது.

இப்போது பிள்ளைக்கு வருகிறேன். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று மூன்று வழியில் போகும்: கருவில் இருக்கும்போது, பிரசவத்தின்போது, தாய்ப்பாலில். மருந்தே கொடுக்காவிட்டாலும் எல்லாக் குழந்தைக்கும் வந்துவிடாது. நூற்றுக்கு 15 முதல் 45 வரைதான் வரும். 1994-இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் செய்த ஓர் ஆய்வில், கர்ப்பத்தில் தாய்க்கு ஏ.இசட்.டி. என்ற மருந்தைக் கொடுத்தார்கள். பிரசவ நேரத்திலும் கொடுத்தார்கள், பிறந்த குழந்தைக்கும் ஆறு வாரம் கொடுத்தார்கள். மருந்து இல்லாத தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேருக்கு வந்த தொற்று, இவர்களில் 8 பேருக்குத்தான் வந்தது. ஆனால் அந்த மருந்து அன்றைக்கு ஏழை நாட்டுக்கு எட்டாத விலை. 1999-இல் உகாண்டாவிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. வலி எடுத்ததும் தாய்க்கு நெவிரபின் ஒரே ஒரு மாத்திரை, பிறந்த மூன்று நாளுக்குள் குழந்தைக்குக் கொஞ்சம் மருந்து. அவ்வளவுதான். அதற்கே குறுகிய கால ஏ.இசட்.டி.யைவிடப் பாதியளவு பிள்ளைகளுக்குத்தான் தொற்று வந்தது. நம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் அந்த மாத்திரை வந்தது.

இதில் என் மனசை உறுத்துகிற ஒன்று உண்டு. அந்த ஒரு மாத்திரை குழந்தையைக் காத்தது. தாயை? அவளுக்கு அதன்பின் ஒன்றுமில்லை. போதாததற்கு, பல தாய்மாரின் உடம்பில் இருந்த வைரஸ் அந்த மருந்துக்கே பழகிப்போனது. பிள்ளை பிழைத்துத் தாய் செத்தால், அந்தப் பிள்ளை எங்கே போகும்? வேப்பமரத்தடியில் நின்றாரே, அந்த மாதிரி ஓர் அம்மாயி வீட்டுக்குத்தான். 2014-லிருந்து நம் நாட்டில் முறை மாறிவிட்டது. கர்ப்பிணிக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் கூட்டு மருந்து தொடங்குகிறார்கள், வாழ்நாள் முழுவதற்கும், இலவசமாக. ஒழுங்காகச் சாப்பிட்டால் நூற்றில் ஐந்து பிள்ளைக்கும் குறைவாகத்தான் தொற்று போகும். இத்தனை வருஷ ஆராய்ச்சியில் நான் பெரிதாக நினைப்பது, தாயையும் ஓர் உயிராக எண்ணத் தொடங்கிய இந்த இடத்தைத்தான்.

தப்ப முடியாமல் தொற்றோடு பிறந்த குழந்தைகள்? மருந்து இல்லாவிட்டால் பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் தாயின் எதிர்ப்புப் பொருள் ஒன்றரை வயது வரை இருக்கும் என்பதால் சாதாரணச் சோதனை பயன்படாது. அதற்காகத்தான் ஆறாவது வாரத்திலேயே குதிகாலில் குத்தி, நாலைந்து சொட்டு ரத்தத்தை ஓர் அட்டையில் உலர்த்தி அனுப்புகிறார்கள். அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. 2008-இல் தென் ஆப்பிரிக்காவில், சில கைக்குழந்தைகளுக்கு உடனே மருந்து தொடங்கினார்கள், சிலருக்கு உடல் தளர்ந்த பிறகு தொடங்கினார்கள். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 16 பேர் இறந்தார்கள். உடனே தொடங்கியவர்களில் 4 பேர்.

2006 நவம்பரில் குழந்தைகளுக்கான கூட்டு மருந்துத் திட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. அதற்கு முன் பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுத்த காலமும் இருந்தது. எந்தப் பாதியில் எவ்வளவு மருந்து போனதோ! சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் சௌமியா சுவாமிநாதனும் கூட இருந்தவர்களும் நம் பிள்ளைகளின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்றே அளந்து பார்த்தார்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது போதாமல் போகலாம் என்று கண்டார்கள். இன்றைக்குத் தண்ணீரில் கரைகிற டொலுடெக்ராவிர் மாத்திரை, ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு, இந்தியக் கம்பெனிகளிலேயே தயாராகிறது.

ஆக, அந்தப் பிள்ளைகள் பிழைத்துவிட்டார்கள். இன்றைக்குக் காலேஜ் போகிறார்கள், விசைத்தறியிலும் பனியன் கம்பெனியிலும் வேலை பார்க்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை. ஹாஸ்டலில் டப்பாவைத் திறந்தால் சத்தம் கேட்கும் என்று உள்ளே பஞ்சு அடைத்து வைத்திருந்தாராம். லேபிளை முதல் நாளே உரித்துவிட்டாராம். அறையில் ஆள் இருந்தால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. இப்படி அடிக்கடி விட்டுப்போனால் வைரஸ் தலைதூக்கும், மருந்துக்கும் பழகும். சின்ன வயதில் அம்மாயி கையால் தவறாமல் மாத்திரை தின்ற பிள்ளை, பதினாறு வயதில் தவறவிடுவதை உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள். டப்பாவுக்குள் அந்தப் பஞ்சை வைத்தது யாருங்க? அந்தப் பிள்ளை தனியாக வைக்கவில்லை.

வீட்டிலும் "சத்து மாத்திரை" என்றே சொல்லி வளர்க்கிறோம். பதின்மூன்று வயதில் போனில் மாத்திரை பெயரைத் தட்டிப் பார்த்து, அந்தப் பிள்ளை தானே தெரிந்துகொள்கிறது. அன்றைக்கு நோயின் மேல் வருகிற கோபத்தைவிட, பொய் சொன்ன அம்மாயியின் மேல் வருகிற கோபம் பெரிது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எப்படிச் சொல்வது என்று, அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. சோதனை செய்கிற நம்பிக்கை மையத்து ஆலோசகரிடம் கேளுங்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சும் வரும். சென்னை உட்பட ஒன்பது நாடுகளின் ஊர்களில் 1,763 தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. ஒருவருக்குத் தொற்று, மற்றவருக்கு இல்லை. சீக்கிரமே மருந்து தொடங்கிய தம்பதிகளில், துணைக்குத் தொற்று போவது 96 சதவீதம் குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இன்னும் உறுதியாகச் சொன்னன: ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவில் துணைக்குப் போகவே போகாது. பிறவியிலேயே தொற்றுள்ள பெண், தொற்றில்லாத பிள்ளையைப் பெற்று வளர்க்க முடியும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2017-இல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது, வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, சம்மதமில்லாமல் ஒருவர் நிலையை வெளியில் சொல்லவும் கூடாது.

கர்ப்பிணியை அழைத்துப் போகிற தாய்மார்களே, மருமகளோடு மகனையும் சேர்த்துச் சோதனைக்குக் கூட்டிப் போங்கள். ஹாஸ்டல் வார்டன்களே, மில் சூப்பர்வைசர்களே, என் இடத்தில் இப்போது நிற்கிற ஆசிரியர்களே, மாதத்தில் ஒரு நாள் ஒரு பிள்ளை லீவு கேட்டால், "வயித்து வலிங்க" என்று சொன்னால், "சரி சாமி, போயிட்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். அன்றைக்கு நான் சொல்லாதது அதுதானுங்க.