காயிலா, பிளக்கா, ட்யூனா? ஒரு டர்போ வண்டியும் நான் பண்ண தப்பான டீபக்கிங்கும்

இன்னைக்கு எபிசோடுல ஒரு மன்னிப்பும் இருக்கு, கொஞ்சம் கார் பாடமும் இருக்கு.

என்கிட்ட ஒரு செகண்ட் ஹேண்ட் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் இருக்கு. நாலு சிலிண்டர், ஓடினது 60,000 கிலோமீட்டருக்கு மேல. போன வருஷம் அதுக்கு ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டேன். அதாவது என்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கிற சாஃப்ட்வேர மாத்தி, டர்போ தள்ளுற காத்தோட அழுத்தத்தக் கூட்டுறது. அப்பாகிட்ட சொல்லல.

ரெண்டு வாரம் கழிச்சு அப்பா, அம்மாவோட ஜி.எஸ்.டி. ரோட்ல போறோம். மதுராந்தகம் தாண்டி ஒரு லாரிய ஓவர்டேக் பண்ண ஆக்சிலரேட்டர முழுசா அமுக்குனேன். வண்டி குலுங்குச்சு, பவர் சுத்தமா போச்சு, செக் என்ஜின் லைட் விட்டு விட்டு எரியுது. பின்னாடி ஒரு பஸ் ஹெட்லைட் அடிச்சுக்கிட்டே வருது. எப்படியோ இடது பக்கம் ஒதுங்கி நிறுத்திட்டேன். அம்மா பேசவே இல்ல.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க: அந்த லைட் நிலையா எரிஞ்சா சீக்கிரம் செக் பண்ணணும். விட்டு விட்டு எரிஞ்சா உடனே காலை எடுக்கணும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், கேட்டலிடிக் கன்வெர்ட்டர சூடாக்கிக் கெடுத்துடும்.

வீட்டுக்கு வந்து ஓ.பி.டி. ஸ்கேனர் மாட்டினேன். பி0303னு காட்டுச்சு. கடைசி எண்தான் சிலிண்டர். மூணாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர். உடனே ட்யூன் பண்ணவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "உங்க மேப்தான் பிரச்சனை, பழசையே போடுங்க"ன்னேன். அவரும் போட்டுக் குடுத்தார். மிஸ்ஃபயர் நின்னுடுச்சு. கேஸ் குளோஸ்னு நினைச்சேன்.

ஆபீஸ்ல இதையே வேற யாராவது பண்ணியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். ரோல்பேக் பண்ணதும் எரர் மறைஞ்சா, பக் சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. பக் வெளிய தெரியற சூழ்நிலைதான் போயிருக்கு.

ஒரு மாசம் கழிச்சு ஏற்காடு மலை ஏறும்போது, நாலு பேர், லக்கேஜ், பழைய மேப். அதே குலுக்கல், அதே பி0303!

இப்பவாவது ஒழுங்கா யோசிச்சேனா? இல்ல. புது இக்னிஷன் காயில் ஆர்டர் போடப் போனேன். எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன்தான் தடுத்தார்: "தம்பி, மூணாவது காயில கழட்டி ஒண்ணுல போடு, ஒண்ண மூணுல போடு. ஓட்டிட்டு வா. காசு செலவே இல்ல."

இந்த டெஸ்ட்தான் இந்த எபிசோடோட சாரம். பி0301ன்னு வந்தா காயில்தான் குத்தவாளி, ஏன்னா கோளாறு அதோட சேந்து இடம் மாறியிருக்கு. மூணுலயே நின்னா காயில் தப்பிச்சுது. பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன்னு வரிசையாப் பாக்கணும். ஒரு தடவைக்கு ஒண்ண மட்டும் மாத்தணும். என்ஜின் ஆஃப் பண்ணி, ஆறின பிறகுதான் கழட்டணும். காயில்ல வர்றது ஆயிரக்கணக்கான வோல்ட். ஓடுற வண்டில கை வைக்காதீங்க.

எனக்கு மூணுலயே நின்னுச்சு. பிளக்கக் கழட்டினா, மேனுவல்ல 0.7 மி.மீ. இருக்கணும்னு போட்டிருந்த இடைவெளி, தேஞ்சு 1 மி.மீ.க்கு மேல போயிருந்துச்சு.

ஏன் வேகமா போகும்போது மட்டும் படுத்துச்சு? பாஷன்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி 1889லயே இதுக்கான விதியச் சொல்லிட்டார். வாயு அழுத்தமும் இடைவெளியும் கூடக் கூட, பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேணும். ஐடில்ல சிலிண்டருக்குள்ள அழுத்தம் கம்மி, தேஞ்ச பிளக்கும் சமாளிக்கும். டர்போ முழு மூச்சா காத்து தள்ளும்போது பொறி அணைஞ்சுடும். ரீமேப் அழுத்தத்த இன்னும் கூட்டுச்சு, அதனால சீக்கிரம் வெளிய வந்துச்சு. அவ்ளோதான். அப்படியே ஓட்டியிருந்தா, அந்த அதிக வோல்டேஜ் காயிலோட இன்சுலேஷனையும் தின்னிருக்கும். அப்புறம் புது காயில் போட்டாலும் அதுவும் போயிருக்கும்.

நாலு பிளக்கும் மாத்தினேன். காயில் நாலும் பழசுதான். அதே மலைல மறுபடி ஏறிப் பாத்தேன், ஒரு குலுக்கல் இல்ல.

ட்யூன் பண்ணவருக்குப் போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். "பிளக் எப்ப மாத்துனீங்கன்னு நானும் முதல்லயே கேட்டிருக்கணும்"னார். பெரிய மனசு. அப்பாகிட்டயும் ரீமேப் பத்திச் சொன்னேன். ரொம்ப நேரம் அமைதியா இருந்துட்டு, "அன்னைக்கு அந்த பஸ் நம்ம பின்னாடி வந்தப்ப உனக்கு இது தெரியும்ல?"ன்னு மட்டும் கேட்டார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

இப்ப வண்டி பழைய மேப்லதான் ஓடுது. திரும்ப ரீமேப் போடுவேனா? போடலாம். ஆனா முதல்ல பிளக், காயில், பேட்டரி எல்லாம் செக் பண்ணி, வாரண்டிக்கும் இன்சூரன்ஸுக்கும் என்ன ஆகும்னு கேட்டு, அப்பாகிட்டயும் சொல்லிட்டு.

உங்க வண்டில லைட் எரிஞ்சா, கார்டத் தேய்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு காயில மாத்திப் போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.